குளிப்பாட்டுகிறவளின் வாய்

பர்வீன் பானுவுக்கு உலகத்தில் பாதிப் பொருள் அருவருப்பு. மீதிப் பாதியை அவள் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். டீக்கடைக் கிளாஸைப் பார்த்தால் சீ. பஸ் சீட்டில் எவனோ தலை சாய்த்த எண்ணெய்க் கறையைப் பார்த்தால் சீ. விருந்து வீட்டில் கை துடைக்க என்று பொதுவாக ஒரு துண்டு தொங்குமே, அதைக் கண்டால் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்துவிடும். காரைக்குடியில் அந்த ஜமாஅத்தில் பர்வீன் என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. இவளைச் சொல்ல வேண்டுமென்றால் ‘சீ பர்வீன்’ என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். அவர்கள் வீட்டுத் துண்டு அப்படித்தானே இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கணவர் சுல்தானுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக் கடை. நாளெல்லாம் ஊரார் காலைத் தொட்ட கையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, சட்டையை வெளிக்கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். “என்னையப் பாத்து மட்டும் நிக்காஹ் அன்னைக்கு சீ சொல்லாம விட்டுட்டா, அந்த மட்டுக்கும் நான் பொழச்சேன்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்பேர்ப்பட்டவள்தான் ஜமாஅத்தில் எந்தப் பெண் மவுத்தாகிப் போனாலும் முதலில் போய்க் குளிப்பாட்டுகிறவள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள். மையத்தை, இறந்த உடம்பை, பலகையில் கிடத்தி, போர்வைக்கு மேலேயே தண்ணீர் ஊற்றி, கையில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, இலந்தை இலைத் தண்ணீர், கற்பூரத் தண்ணீர் என்று வரிசையாக முடித்து, கபன் துணி சுற்றி அடக்கத்துக்கு அனுப்புகிற வரை அந்த முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. படுக்கையிலேயே கிடந்து முதுகு புண்ணாய்ப் போன உடம்பென்றாலும் சரிதான். உயிரோடிருக்கிறவர்களின் அழுக்குத்தான் அவளுக்கு அழுக்கு. செத்தவர்கள் அழுக்கென்று அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு அருவருப்பால்தான். மாமியார் மவுத்தான அன்று குளிப்பாட்ட வந்த பெண், தண்ணீர் சூடாகும் வரை சும்மா இருக்காமல், போன மாதம் தான் குளிப்பாட்டிய இன்னொருத்தியின் உடம்பில் என்ன பார்த்தேன் என்று வாய் கூசாமல் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் ‘அப்படியா, அப்படியா’ என்று காதைக் கொடுத்தார்கள். பர்வீன் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு என் மாமியார் உடம்பும் இவள் வாயில் இப்படித்தானே நாறும்? “எந்திரி, நீ எங்குட்டாச்சும் போ. நானே குளிப்பாட்டிக்கிறேன்” என்று முந்தானையை இழுத்துச் செருகினவள்தான். எப்படி என்று பள்ளிவாசல் ஹஜரத் வீட்டம்மா கதவுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்லச் செய்து முடித்தாள். குளிப்பாட்டுகிறவள் கண்ணில் பட்டது அவளோடு போக வேண்டும். அது இறந்தவள் நம்பி ஒப்படைத்த அமானிதம். அன்றிலிருந்து பர்வீன் எத்தனையோ உடம்பைப் பார்த்துவிட்டாள். ஒரு சொல், ஒரு சாடை, சுல்தானிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வாய்க்கட்டுத்தான் பின்னால் அவள் கழுத்தை நெரித்தது.

கலீல் ரகுமான் மலேசியாவிலிருந்து திரும்பி வந்து என்னென்னவோ வியாபாரம் பார்த்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பெட்டியில் வந்து நின்றான். குழாய்த் தண்ணீரை அதில் விட்டால் ‘ஆல்கலைன் தண்ணி’ ஆகி வருமாம். உடம்பில் ஆசிட் கூடுவதால்தான் எல்லா நோயும் வருகிறதாம். இந்தத் தண்ணீர் அந்த ஆசிட்டைக் கொன்றுவிடுமாம். சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு என்று ஆரம்பித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் முடிப்பான். தேவகோட்டை, கல்லல் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டான். அவனிடமிருந்த பெரிய சாட்சி அவன் மனைவி நாதியா. அவளுக்கு மார்பில் கட்டி வந்தது ஊருக்கே தெரியும். ‘ஆஸ்பத்திரி பக்கமே போகல, இந்தத் தண்ணியிலயே கட்டி கரைஞ்சிருச்சு’ என்று அவள் பேசிய வீடியோ எல்லார் வாட்ஸப்பிலும் சுற்றியது. பேசும்போது அவள் கண் அடிக்கடி பக்கவாட்டில் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பும். அதை யார் கவனித்தார்கள்?

அந்த வீடியோ வந்த சில மாதங்களில், கோடையில், நாதியா மவுத்தாகிப் போனாள். மாரடைப்பு என்றான் கலீல். பர்வீனை அழைத்துப்போக அவனே வந்தான். குளிப்பாட்டும் அறை வாசலில் மற்றப் பெண்களை நிறுத்திவிட்டு, “பர்வீனக்கா, நீங்களும் என் மாமியாரும் மட்டும் போதும். பாத்தத மறைக்கிறது ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அமானிதம்” என்றான். மனைவி செத்துக் கிடக்கிற நேரத்தில் இதென்ன பேச்சு என்று அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

உள்ளே பார்த்ததைப் பர்வீன் யாரிடமும் சொல்லவில்லை. கதை சொல்கிறவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அறை முழுக்க அத்தர் வாசம், ஒரு சீசாவையே கவிழ்த்த மாதிரி. அதற்கு அடியில் வேறொரு வாடை. இடது மார்பைச் சுற்றிப் பழைய சேலைத் துணி பல சுற்று இருந்தது. பிரித்தால் மார்பு என்று ஒன்று இல்லை. புண் உள்ளே உள்ளே தின்றுகொண்டு போயிருந்தது. அந்தக் குழிக்குள் வெள்ளையாக எதையோ குழைத்து அப்பி, அது காய்ந்து சுண்ணாம்புக் காரையாக வெடித்துக் கிடந்தது. நாதியாவின் தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “சோடா உப்பு... ஆசிட்ட அமுக்கும்னு அவருதான் வச்சு வச்சுக் கட்டினாரு. புள்ள ராத்திரியெல்லாம் கத்துவா” என்றாள். பர்வீன் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, அந்தக் காரையை நோகாமல் எடுத்தாள். இனி நோவதற்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் நோகாமல்தான் எடுத்தாள். வெளியே வந்ததும் நேராகத் தன் வீட்டுக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். புண்ணுக்காக அல்ல. வாசலில் நின்று ‘அமானிதம்’ என்று சொன்ன அந்த வாய்க்காக.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த கையோடு கலீல் மறுபடி கூட்டம் போட ஆரம்பித்தான். வீடியோவையும் நிறுத்தவில்லை. “புத்துநோய் போயே போச்சு. ஆயுசு அல்லாஹ் போட்ட கணக்கு, மாரடைப்புல போயிட்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். அந்தக் கண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் பர்வீனுக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு. தூ என்று சாக்கடையில் துப்பிவிட்டுப் போய்விடுவாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஹஜரத்திடம் யோசனை கேட்கலாமென்றால், கேட்டாலே சொன்ன மாதிரிதான். சமீபத்தில் அப்படி மவுத்தானவள் ஊரில் வேறு யார் இருக்கிறாள்?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ராபியாவுக்குக் கட்டி வந்தது. ராபியா பர்வீனின் தம்பி ஜியாவுதீனின் மனைவி, படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதை முதலில் தன் நாத்தனார் பர்வீனிடம்தான் சொன்னாள். பர்வீன் மறுநாளே தம்பியையும் அவளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் ஆரோக்கிய ஷீலாவுக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. இவர்கள் காரைக்குடி என்றதும் ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி போனபோது சதைச் சோதனை முடிவு வந்திருந்தது. புற்றுநோய்தான், ஆனால் கட்டி சின்னது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். ராபியா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முடி கொட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜியாவுதீன் அப்போதுதான் மெல்ல ஆரம்பித்தான். “டாக்டர், இந்த ஆல்கலைன் தண்ணின்னு சொல்றாக. கேன்சர் ஆசிட்டுலதான் வளருதாமே?”

அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. பேனாவை மூடி வைத்தார்.

“பாதி நெசம். அதான் சிக்கலே. கட்டிக்குள்ள இருக்குற செல்லு பேய்ப்பசி புடிச்சது. சக்கரையக் கெடைச்ச வேகத்துல அரையும் கொறையுமா எரிக்கும். அப்ப வர்ற கழிவுதான் ஆசிட்டு. அது உள்ளுக்குள்ளயே தங்கினா செல்லு தானே செத்துப் போகும். அதனால தன் செவுத்துல பம்பு மாதிரி வச்சுக்கிட்டு, உண்டாகுறத பூராம் வெளிய எறைச்சு ஊத்திரும். உள்ள பாத்தீகன்னா துப்புரவா, லேசா ஆல்கலைனா இருக்கும். அதுதான் அதுக்குத் தோது, அப்பத்தான் வேகமாப் பெருகும். வெளிய பக்கத்துல இருக்குற நல்ல செல்லெல்லாம் அந்த ஆசிட்டுல வெந்து சாகும். அந்த எடத்துல இது போயி உக்காந்துக்கும். காவலுக்கு வர்ற செல்லும் கிட்ட வந்தா சோந்து போகும். சில மருந்துகூட அந்த ஆசிட்டத் தாண்டி உள்ள போக மாட்டாம நின்னுரும்.”

“சீ!” என்றாள் பர்வீன். “தன் வீட்டச் சுத்தமா வச்சுக்கிட்டு, சாக்கடையப் பக்கத்து வீட்டு வாசல்ல தெறந்துவிடுற ரகமா?”

“அதே ரகந்தேன்” என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

“அப்ப ஆல்கலைன் தண்ணி குடிச்சா அந்த ஆசிட்டு அடங்கிரும்ல?” ஜியாவுதீன் விடவில்லை.

“குடிக்கிற தண்ணி எங்க தம்பி போகுது? வயித்துக்கு. வயித்துல ஊறுற ஆசிட்டுக்கு முன்னால அது எம்மாத்திரம்? அங்கேயே கதை முடிஞ்சிரும். மிஞ்சி ரத்தத்துக்குப் போனாலும், ரத்தத்துல ஆசிட்டு இம்புட்டுத்தான் இருக்கணும்னு நுரையீரலும் கிட்னியும் ராப்பகலா காவல் காக்குது. கூடுனத மூத்திரத்துல தள்ளிரும். அந்த அளவு துளி பெசகினாலே ஆளு ஐசியூல கெடக்கணும். தண்ணி குடிச்சு அத மாத்த முடியாது. முடிஞ்சா அத விட ஆபத்து வேற கெடையாது.”

“அப்ப அந்த ஆசிட்ட ஒன்னுமே பண்ண முடியாதா டாக்டர்?” இது ராபியா.

“தேடிக்கிட்டு இருக்காகம்மா. அந்தப் பம்ப அடைக்கிற மருந்து கெடைச்சா, அது எறைக்கிற ஆசிட்டு அதுக்குள்ளயே தேங்கி அதையே கொல்லும். எலிகளுக்குக் குடுத்துப் பாத்ததுல பலன் தெரியுது. மனுசருக்கு, மத்த மருந்தோட சேத்துக் குடுத்தா என்ன ஆகுதுன்னு சோதனை பண்றாக. நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். இன்னைக்கு நம்ம கையில இருக்குறது கீமோ. நாளக் கடத்தாதீக.”

பர்வீனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகப் புரிந்துவிட்டது. தம்பிக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். பயந்தவன் காதுக்குள் தனக்கு வேண்டியது மட்டும்தான் இறங்கும். ஊர் வந்து சேர்ந்ததும் அவன் முதலில் போனது கலீல் வீட்டுக்கு. “மதுரை டாக்டரே கேன்சர்ன்னா ஆசிட்டுத்தான்னு ஒத்துக்கிட்டாக” என்று சொல்லியிருக்கிறான். கலீலுக்குக் கேட்க வேண்டுமா? மறுநாளிலிருந்து அவன் கூட்டங்களில் மதுரை டாக்டரும் ஒரு சாட்சியாகிவிட்டார்.

ஜியாவுதீன் வீட்டு அடுப்பங்கரையில் வெள்ளைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. வீட்டில் புளி கூடாது என்றாயிற்று. கறி கூடாது, மீன் கூடாது, சோறு கூடாது. வெள்ளரிக்காயும் அந்தத் தண்ணீரும்தான். கொடுமை என்னவென்றால் எலுமிச்சம்பழம் மட்டும் ஆகுமாம். அது உள்ளே போனால் ஆல்கலைன் ஆகிவிடுமாம். எலுமிச்சை ஆகும், புளி ஆகாது! இந்தக் கூத்தை எந்த ஊரில் போய்ச் சொல்வது? கீமோவுக்குச் சொல்லியிருந்த நாள் வந்தது, போனது. அடுத்துக் கேட்டு வாங்கிய நாளும் போயிற்று. பர்வீன் போய்ப் பார்த்தபோது ராபியாவின் கன்னம் ஒட்டிப்போய், காதுத் தோடு பெரிதாகத் தெரிந்தது. அடுப்பங்கரையில் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மீன் குழம்பு வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒரு வாய்ச் சோறு திங்க விடுறாகளா மதினி? கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கெட்ட ஆசிட்டு எறங்குற அறிகுறிங்குறாரு கலீல் அண்ணன்.”

பர்வீன் தம்பியைப் பிடித்து உலுக்கினாள். “டேய், அவன் பேச்ச நம்பாதடா. அந்தாளு பொய்யன். சீ, அந்தத் தண்ணியத் தூக்கிச் சாக்கடையில ஊத்து. இவள மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம்.”

“ஏன், நாதியாவுக்குச் சரியாகலையா?”

பர்வீனின் வாய் திறந்தது. திறந்தபடியே மூடிக்கொண்டது.

“ஒனக்கு எதுதான்க்கா சீ இல்ல?” என்றான் ஜியாவுதீன். “டீக்கடை சீ, பஸ் சீ, அத்தான் கை சீ. இதுவும் சீ. ஒன் பேச்சக் கேட்டா நாங்க தண்ணியே குடிக்க முடியாது.”

அவள் வாழ்நாளெல்லாம் சில்லறையாக இறைத்துவிட்ட அந்தச் சொல் அவசரத்துக்கு உதவவில்லை. உண்மையான அசிங்கத்தைப் பார்த்துச் சொன்னபோது அதைக் கேட்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவினாள். கழுவக் கழுவ அந்தச் சோடா உப்புக் காரை விரலிடுக்கில் இருப்பது போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு ஜியாவுதீன் வீட்டு ஹாலிலேயே கலீல் கூட்டம் போட்டான். நோயாளி இருக்கிற வீடென்றால் மவுசு அதிகம் அல்லவா? தெருக்காரர்கள் வந்திருந்தார்கள். கல்லலில் இருந்து ஈஸ்வரி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவள் கணவர் வேல்பாண்டிக்கு வாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியா, இந்தத் தண்ணீரா என்று முடிவு செய்ய வந்திருக்கிறாள். பர்வீன் அடுப்பங்கரை வாசலில் நின்றாள். ராபியா சுவரோரம் ஒரு நாற்காலியில், கையில் அந்தத் தண்ணீர் கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள்.

கலீல் வந்தவர்களுக்கெல்லாம் துண்டுக் காகிதம் கொடுத்து எச்சிலைத் துப்பச் சொன்னான். காகிதம் நிறம் மாறினால் உடம்பில் ஆசிட்டாம். மஞ்சள் பூத்த எச்சில் காகிதங்களை, சாப்பாட்டு மேஜையில், பிள்ளைகள் சாப்பிடுகிற மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தான்.  பிறகு கேன் தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விட்டான், மஞ்சளாயிற்று. தன் தண்ணீரில் விட்டான், ஊதாவாயிற்று. கூட்டம் ‘ஆ’ என்றது. ஊதாச் சாயத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஜனங்கள்! பிறகு வீடியோ. செத்துப்போன நாதியா செல்போனுக்குள்ளிருந்து பேசினாள். பேசிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தாள்.

ஈஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தப்பா நெனச்சுக்காதீக. அவுகளுக்கு நெசமாவே சரியாப் போச்சா? எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரச் சொல்லியிருக்காக. அதான் கேக்குறேன்.”

கலீல் சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே அடுப்பங்கரைப் பக்கம் கையை நீட்டினான். “நான் சொன்னா புருசன் சொல்றதும்பீக. இந்தா நிக்கிறாகளே பர்வீனக்கா, இவுகதான் நாதியாவக் கடைசியாக் குளிப்பாட்டினவுக. இவுகளவிடச் சாட்சி வேணுமா? உடம்புல ஒரு தழும்பு கெடையாது. பூ மாதிரி இருந்தா. என்னக்கா?”

அவன் போட்ட கணக்கு இதுதான். அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறக்காத வாயை ஆமாம் என்று சொன்னதாக ஊர் எடுத்துக்கொள்ளும். செத்தவளின் மானத்தைக் காக்க வைத்த பூட்டை எடுத்துத் தன் கடைக்கு விளம்பரப் பலகையாக மாட்டிவிட்டான் படுபாவி. எல்லார் முகமும் பர்வீனைப் பார்த்துத் திரும்பியது. ராபியாவின் முகமும்.

“சீ” என்றாள் பர்வீன்.

யாரோ சிரித்தார்கள். வழக்கமான சீ என்று நினைத்திருப்பார்கள். பர்வீன் ஹாலுக்கு நடுவில் வந்து நின்றாள்.

“பூ மாதிரி இருந்தான்னு நான் சொல்லல.”

“அக்கா!” கலீலின் சிரிப்பு அறுந்தது. “அமானிதம்! மறந்துறாதீக, அமானிதம்!”

“நான்தான் இன்னும் ஒன்னுமே சொல்லலையே கலீலு” என்றாள் பர்வீன். “பூ மாதிரி இருந்தவளுக்கு எதுக்கு அமானிதம்? மறைக்கிறதுக்கு அங்க என்னடா இருந்துச்சு?”

 கலீல் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.  அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரி, மெல்ல எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

பர்வீன் அவனை விட்டுவிட்டு ராபியாவின் பக்கம் திரும்பினாள். 

“இந்தா புள்ள, நல்லாக் கேட்டுக்க. இந்தத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு நீ மவுத்தாப் போனீன்னா, ஒன்னைய நான் குளிப்பாட்ட மாட்டேன். வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கச் சொல்லு. ஒரு தடவ குளிப்பாட்டிட்டேன். இன்னொரு தடவ என் கைக்கு ஏலாது.”

ராபியா அவளையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். எச்சில் காகிதங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, “மதினி, எனக்குச் சோறு வேணும். புளி ஊத்தி ரசம் வச்சுத் தாங்க” என்று சொல்லி, பிள்ளை மாதிரி அழுதாள். ஜியாவுதீன் எழுந்து உள்ளே போனான். கலீல் தன் சாமான்களைச் சுருட்டுவதற்குள், அடுப்பங்கரையிலிருந்து அந்த வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தான்.

அடுத்த வாரம் மதுரையில் டாக்டர் ஆரோக்கிய ஷீலா வைதார். கட்டி முன்னைக்கு இப்போது பெரிதாகியிருந்தது. உடம்பும் இளைத்துவிட்டதால் முதலில் நன்றாகச் சாப்பிட வைத்துத் தேற்றித்தான் கீமோவை ஆரம்பித்தார்கள். ராபியாவின் முடி கொட்டியது. கொட்டிய முடியைத் தலையணையிலிருந்து பொறுக்கியவள் பர்வீன். வாந்தி எடுத்ததை அள்ளியவளும் அவள்தான். சீ என்ற சொல் அந்த நாட்களில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். கேட்டது. ஆஸ்பத்திரிக் கழிப்பறையைப் பார்த்து வாசலிலிருந்து கடைசி வரை சொன்னாள். ஆபரேஷன் முடிந்து, கீமோவில் சுருங்கியிருந்த கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்ன அன்றுதான் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக் கிளாஸில் ஒரு டீ குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? மையத்து ரகசியத்தைச் சபையில் வைத்துப் பேசினவள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. என்னதான் பார்த்ததைச் சொல்லாவிட்டாலும் சொன்ன மாதிரிதானே என்றார்கள். கழனிவாசல் பக்கம் ஒரு வீட்டில் மவுத்து விழுந்தபோது அவளைக் கூப்பிடவில்லை. செக்காலையில் இன்னொரு வீட்டிலும் கூப்பிடவில்லை. வேறொருத்தி போனாள் என்று கேள்விப்பட்ட அன்று பர்வீன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. எந்த அருவருப்பால் இந்த வேலைக்கு வந்தாளோ, அதே பட்டம் தனக்கே வந்துவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. சுல்தான் தேற்றப் பார்த்தார். அது அவர் வார்த்தைக்கு அடங்குகிற எரிச்சலாக இல்லை.

ஒரு நாள் சுல்தானுக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். கலீல் வந்தான். இப்போது அவன் புதுக்கோட்டைப் பக்கம் கூட்டம் போடுகிறான் என்றும், வேறு யாரோ ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டுகிறான் என்றும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து நின்றான். கடையில் ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“என் பொண்டாட்டி மானத்தச் சந்தியில நிறுத்திட்டீக. இனி ஒங்கள எந்த வீட்டுல கூப்புடுவாக? செத்தவ அமானிதத்தக் காட்டிக் குடுத்தவுக நீங்க. மறுமையில இதுக்குப் பதில் சொல்லணும், ஞாபகம் வச்சுக்குங்க.”

பர்வீன் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள். அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். சீ என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

“சொல்லிக்கிறேன்” என்றாள். “அங்க நாதியாவும் இருப்பால்ல. என்னையக் கேக்கும்போது அவளையும் கேக்கட்டும். அப்ப, வீடியோ எடுத்தப்ப நின்ன மாதிரி, அவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்க நீ இருக்க மாட்ட.”